ஆவுளியாவும் திருக்கையும் ஊருக்கு மேலே நின்ற ஒன்பது நாள்

அன்று காலையில் சேந்தாங்கரைக் கடலோரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கரைவலையின் வடக்குக் கயிற்றை இழுத்தவர்கள் பதினோரு பேர், தெற்குக் கயிற்றை இழுத்தவர்கள் பன்னிரண்டு பேர், வலையின் மடி புரண்டுவிடாமல் பின்னாலேயே நீந்தி வந்தவர்கள் இரண்டு பேர், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒன்பது பேர், ஏலம் சொல்ல அருளப்பன், ஐஸ் பெட்டியோடு செய்யது, வருகிற மீனை எண்ணிப் பங்கு பிரிக்க சந்தியாகு. ஆக முப்பத்தேழு பேர். நாய்களும் மூன்று இருந்தன, ஆனால் சந்தியாகு நாய்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவை எழுந்து போய்விடும்.

சந்தியாகுவுக்கு நாற்பத்தோரு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது, எண்ணுவது நிற்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவார், யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் மணலைப் பார்த்துப் பதில் சொல்வார், ஆனால் பத்தொன்பது வருடமாக அவர் பிரித்த பங்கில் ஒரு காரல் மீன் கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ ஒருத்தரும் சொன்னதில்லை. அன்றைக்கு அவருடைய நினைப்பு கரையில் இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு, மூன்று நாளைக்கு முன்னால்தான் அவர் மனைவி இருதயமேரி ஒரு பெண் பிள்ளையைப் பெற்றிருந்தாள். பிள்ளை நன்றாக அழுதது, நன்றாகக் கையைக் காலை உதைத்தது. தாய்க்குத்தான் பால் வரவில்லை.

வலையின் மடி கரைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குள் ஒரு நண்டுகூட இல்லை. வலை வளைத்துக்கொண்டு வந்த தண்ணீர், எந்த நாளும் கண்ணி வழியாக ஒழுகிக் கடலுக்கே திரும்பிவிடுகிற தண்ணீர், அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிய பாயைப்போல அது மணலை விட்டு எழும்பி, கயிறு பிடித்திருந்தவர்களின் தலைக்கு மேலாக, தோளில் இரண்டு மூன்று சொட்டு விட்டுக்கொண்டே, கூடைக்காரப் பெண்களைத் தாண்டி, ஐஸ் பெட்டியைத் தாண்டி, போகப் போக அகன்று, ஊருக்குள் நுழைந்து, மாதா கோயில் தொடங்கிப் பள்ளிவாசல் தெரு முடிகிற வரைக்கும் அறுபத்திரண்டு வீட்டுக்கும் மேலே பரந்து நின்றுகொண்டது.

“ஏலம் இல்லையா இன்னைக்கு?” என்றார் அருளப்பன். அவர்தான் ஊர்த் தலைவரும்.

“மேல போயிருச்சு மாமா” என்றார் சந்தியாகு, மணலைப் பார்த்துக்கொண்டே.

“எம்புட்டு உயரம்?”

“அளந்துட்டுச் சொல்றேன்.”

அவர் தன் வீட்டு முற்றத்துத் தென்னையில் ஏறிக் கல் கட்டிய நூலை விட்டு அளந்தார். தரையிலிருந்து தண்ணீரின் அடிப்பக்கம் பதினாலு முழம். தண்ணீரின் கனம் ஏழு முழம். தென்னை மரங்கள் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருந்தன, அவற்றின் குலைகள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெயிலில் இருந்தன. கடல்புல் வேரோடு வந்திருந்ததால் வேர்கள் எல்லாம் ஊரைப் பார்த்துக் கீழே தொங்கின, கூரைமேல் ஏறி நின்ற ஆடுகள் அண்ணாந்து அண்ணாந்து அவற்றை எட்டப் பார்த்தன.

முதல் இரண்டு நாள் கோழிகள் மத்தியானத்திலேயே அடைந்துவிட்டன, மூன்றாம் நாள் அவையும் பழகிக்கொண்டன. ஊருக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது, அதில் பார்த்தால் எல்லோருமே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர்கள்போலத் தெரிந்தார்கள், இரண்டு வருடமாகப் பேசாத சம்பந்தி வீட்டார்கூட அந்த வெளிச்சத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். துணி காயவில்லை, அதனால் பெண்கள் துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் மணலில் விரித்துவிட்டு வந்தார்கள். கோயில் மணிச் சத்தம் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரலைப்போலக் கேட்டது. மின்சாரக் கம்பி பார்க்க வந்த ஆள் நாலு கம்பம் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு, யாருக்காவது ஷாக் அடித்ததா என்று கேட்டு, இல்லை என்றதும், இதை எழுத என்னிடம் தாள் இல்லை என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். வலை பின்னுகிற கஸ்பார் மட்டும் வீச்சுவலையை அண்ணாந்து வீசிப் பார்த்தார். வலை மேலே போய் விரிந்து பதினாலு காரல் மீனோடு அவர் தலையிலேயே வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வீசவில்லை.

ஊருக்குள் பிரச்சினை என்று வந்தது ஒரு நிழலால்தான்.

மேலே இருந்த தண்ணீருக்குள் பெரிய நிழல் ஒன்று அலைந்தது. காலையில் பார்த்தவர்கள் அது உருண்டு திரண்டிருக்கிறது, ஆவுளியா என்கிற கடல்பசுதான் என்றார்கள். மத்தியானம் பார்த்தவர்கள் அதற்கு இரண்டு பக்கமும் இறக்கை இருக்கிறது, பின்னால் சாட்டைபோல வால் இருக்கிறது, திருக்கைதான் என்றார்கள். கோயில் தெரு ஆவுளியா என்றும் பள்ளிவாசல் தெரு திருக்கை என்றும் பிரிந்துகொண்டு, டீக்கடைப் பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்தது.

“கடல்பசுவைப் பாத்ததே இல்லையா நீ? கன்னுக்குட்டி கணக்கா இருக்கு” என்றார் கஸ்பார்.

“கன்னுக்குட்டிக்கு எந்த ஊருல முள்ளுவால் இருக்கு?” என்றான் செய்யது. “கண்ணாடி வாங்கிப் போடும் ஓய்.”

அருளப்பன் சந்தியாகுவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நீ பாத்துச் சொல்லு மாப்புள. நீ சொன்னா ஒத்துக்குவாய்ங்க.”

சந்தியாகு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு குவியல் கூழாங்கல். ஆவுளியாவுக்கு மூக்கு உண்டு, நம்மைப்போல மூச்சு வாங்க மேலே போய் வர வேண்டும். திருக்கைக்கு அந்தக் கவலை இல்லை, தண்ணீருக்குள்ளேயே அதற்குக் காற்று இருக்கிறது. நிழல் மேலே போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கல்லைத் தள்ளி வைத்தார். ஒரு மணி நேரத்தில் கல் பதினாறு ஆனது. பதினாறு தடவையும் நிழலில் பாதிதான் மேலே போனது. மறு பாதி அசையாமல் கீழேயே நின்று, மேலே போனது திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்தது.

“ரெண்டு” என்றார் சந்தியாகு டீக்கடையில். “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு தெருவும் சரிதான்.”

இரண்டு தெருவும் சரி என்றானதில் இரண்டு தெருவுக்குமே கொஞ்சம் வருத்தம். அதனால் எது உசத்தி என்று பேசத் தொடங்கினார்கள், அந்தப் பேச்சு அந்த வாரம் முழுக்க ஊருக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. ஆவுளியா புல் தின்கிறது, யாருக்கும் தீங்கில்லை என்றது கோயில் தெரு. திருக்கை சிப்பியை உடைத்துத் தின்கிறது, உழைத்துச் சாப்பிடுகிறது என்றது பள்ளிவாசல் தெரு. அது உண்மைதான், கடக் கடக் என்று மேலே கடிபடுகிற சத்தமும் அதைத் தொடர்ந்து ஓட்டு வீடுகளின்மேல் சிப்பித்தூள் உதிர்கிற சத்தமும் காலையிலும் மாலையிலும் கேட்டன. ஆவுளியா ஆறு முழ நீளம், திருக்கை இறக்கைக்கு இறக்கை நாலு முழம் என்று சந்தியாகு அளவு சொன்னார். ஆவுளியா வாலை மேலும் கீழும் அடித்து நீந்துகிறது, திருக்கை வாலைச் சும்மா விட்டுவிட்டு இறக்கையால் பறக்கிறது. ஆவுளியாவின் தோல் நனைந்த சிமெண்டுச் சுவர் மாதிரி. திருக்கையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருக்கிறது என்று தேங்காய் பறிக்கத் தண்ணீரைத் தாண்டி ஏறிப் போன கஸ்பார் வந்து சொன்னார், கீழேயிருந்து அது தெரியவில்லை. கீழேயிருந்து தெரிந்தது திருக்கையின் வயிறுதான். அந்த வயிற்றில் இரண்டு மூக்குத் துவாரமும் ஒரு வாயும் சேர்ந்து ஒரு முகம் இருந்தது, அந்த முகம் எல்லோர் வீட்டையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. இத்தனை வருடம் படகிலிருந்து கீழே பார்த்தவர்களுக்கு அது சிரிக்கிற சமாச்சாரம் தெரியாது. ஆவுளியா சிரிக்கவில்லை, ஆனால் வெள்ளைச் சட்டையோடு வெளியே கிளம்பிய அருளப்பனின் தோளில் பச்சையாக ஒன்றைப் போட்டது. அன்றைக்கு மட்டும் பள்ளிவாசல் தெரு ஜெயித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் தெரு ஒன்றைச் சொன்னது. ஆவுளியாவுக்குக் கைத்துடுப்புக்குக் கீழே மார்பு உண்டு. அது குட்டியை அணைத்துப் பால் கொடுக்கும். “அது தாய்டா” என்றார் கஸ்பார். “உன் திருக்கை என்ன, மீனு.”

அந்த மீனைப் பற்றித்தான் ஊரில் இன்னொரு பேச்சும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, நடந்தது. சேந்தாங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அதற்குப் பிறகு அந்த ஊர் வலையில் விழுகிற முதல் திருக்கை ஏலத்துக்குப் போகாது, பங்குக்கும் வராது, நேராக அந்த வீட்டுக்குப் போகும். அவித்து, முள் நீக்கி, பூண்டும் மிளகும் நிறையப் போட்டுப் புட்டாகக் கிளறிக் கொடுத்தால் பெற்றவளுக்குப் பால் ஊறும். கடையில் வாங்கின திருக்கையோ வேறு கரையில் விழுந்த திருக்கையோ அதற்கு ஆகாது என்பார்கள். ஆகும் என்று வைத்துக்கொண்டு செய்யது தொண்டி வரைக்கும் போய்ப் பார்த்தான், அந்த மாதம் எந்தக் கரையிலும் திருக்கை விழவில்லை. ஆக இருந்த ஒரே திருக்கை ஊருக்கு மேலே இருந்தது, அது வந்தது ஊர் வலையில், அது சந்தியாகு வீட்டுக்குச் சேர வேண்டியது. அந்த வீட்டு ஆள்தான் அதை எடுக்கலாம், வேறு யாரும் தொடக்கூடாது. எல்லோரும் சந்தியாகு ஈட்டியை எடுப்பார் என்று காத்திருந்தார்கள். சந்தியாகு கூழாங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கிராம நர்ஸ் தனபாக்கியம் துணித் தராசோடு வந்தார். உள்ளே நுழையும்போது அண்ணாந்து பார்த்து, “இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தராசில் போட்டார். பிறந்தபோது இரண்டு கிலோ நானூற்று ஐம்பது கிராம். இப்போது இரண்டு கிலோ நூற்று எண்பது.

“பவுடர் பால் குடுத்தீங்களா?”

“துப்புது சிஸ்டர்” என்றாள் இருதயமேரி. “ரகுமத்துதான் ரெண்டு வேளை வந்து குடுத்துட்டுப் போறா. அவளுக்கே ரெட்டைப் பிள்ளைங்க. பாவம், அவ எங்க போவா.”

பக்கத்துத் தெரு ரகுமத் பீவி, செய்யதுவின் மனைவி, இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தாள். “இருக்கறதத்தானே அக்கா குடுக்குறேன்” என்றாள்.

“இன்னும் மூணு நாள்ல வருவேன்” என்றார் நர்ஸ். “நூறு கிராமாவது ஏறியிருக்கணும். இல்லைன்னா அன்னைக்கே ராமநாதபுரம் கூட்டிட்டுப் போயிரணும், யோசிக்கக்கூடாது.”

சந்தியாகு மனதுக்குள் எண்ணினார். இதற்கு முன்னால் இரண்டு தடவை ராமநாதபுரம் போயிருக்கிறார்கள். இரண்டு தடவையும் மூன்று பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள். யார்மேலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பஸ்ஸின் ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது.

நர்ஸ் போனதும் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதற்கும் ஆவுளியாவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள், அது பால் கொடுக்கிற சாதி என்றாள் ஒருத்தி. இருதயமேரி முகத்தைச் சுளித்தாள். பிள்ளை உண்டாவதற்கு முன்னால் அவள் கரையில் மீன் வெட்டுகிறவள், பெரிய மீனாக இருந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“திருக்கைக்கும் பால் உண்டு” என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த அருளப்பன் சிரித்தார். “மீனுக்கு ஏதும்மா பாலு.”

“நீங்க ஏலம் விடுறதோட சரி சித்தப்பா. உள்ள திறந்து பாக்குறது நாங்க. சினைத் திருக்கையைக் கீறுனா உள்ளுக்குள்ள கஞ்சித் தண்ணியாட்டம் வெள்ளையா இருக்கும். முட்டையும் போடாது ஒண்ணும் போடாது, குட்டி உள்ளுக்குள்ளயே அதைக் குடிச்சுக்கிட்டுக் கிடக்கும், இறக்கையைச் சுருட்டி வச்சுக்கிட்டு. கழுவி விட்டுருவோம். சொன்னா யாரு கேக்கப் போறீங்கன்னு சொல்றதில்ல.”

கூடைக்காரப் பெண்கள் ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் எல்லோருமே பார்த்திருந்தார்கள்.

“எத்தனை தடவை பாத்திருக்க?” என்று சந்தியாகு கேட்டார்.

“எண்ணல. எண்ணுறது நீங்க, வெட்டுறது நான்.” அவள் மேலே பார்த்தாள். “ஆவுளியா பிள்ளையை வெளிய விட்டுட்டுப் பால் குடுக்குது. இவ உள்ள வச்சுக் குடுக்குறா. அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

இந்தப் பேச்சு டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் பள்ளிவாசல் தெரு எழுந்து நின்று கை தட்டியது. கஸ்பார் டீக் காசைக் கொடுத்துவிட்டு வலை பின்னப் போய்விட்டார்.

ஆறாம் நாள் காலையில், பிள்ளை அழுவதற்குக்கூடச் சோம்பல்பட்டுச் சுருண்டு கிடந்தபோது, இருதயமேரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“இந்தாங்க. நாளைக்கு நர்ஸ் வந்துரும்.”

“தெரியும்.”

“மேல இருக்கறது என் பங்கு. ஊரு குடுத்தது. கொண்டாங்க.”

சந்தியாகு தரையைப் பார்த்தார்.

“அது வயித்துல பிள்ளை இருக்கு” என்றாள் அவள். “படுத்துக்கிட்டே கூரை ஓட்டையில பாத்துட்டேன். இந்தப் பக்கம் அசையுது, அந்தப் பக்கம் அசையுது. இன்னைக்கோ நாளைக்கோ ஈனிரும். இருந்தாலும் கொண்டாங்க. அதோட பிள்ளை அங்க இருக்கு, என் பிள்ளை இங்க இருக்கு.”

அவர் ஈட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தென்னையில் ஏறினார். முற்றத்திலும் தெருவிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பதினாலு முழம் ஏறியதும் தண்ணீரின் அடிப்பக்கம் அவர் உச்சந்தலையில் குளிர்ந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். எண்பது எண்ணுகிற வரைக்கும் அவரால் மூச்சு அடக்க முடியும். கண்ணைத் திறந்தார்.

திருக்கை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றது, இறக்கை இரண்டும் மெதுவாக ஏறி இறங்கின. அதற்கு மேலே, கூரைமாதிரி, ஆவுளியா. ஈட்டியைக் கையில் எடுத்தார். பதினெட்டு எண்ணும்போது திருக்கையின் வால் அடியிலிருந்து ஒன்று சுருட்டிய வெற்றிலையாட்டம் வெளியே வந்து, விரிந்து, திருக்கையானது. கையகலம்தான். முதுகில் புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. அதோடு ஒரு வெள்ளைக் கலங்கலும் வந்து தண்ணீரில் பரவியது.

அப்போது ஆவுளியா இறங்கி வந்தது. தடித்த மூக்கைக் குட்டியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, மெல்ல, தள்ளித் தள்ளி, அதை மேலே கொண்டு போனது. சந்தியாகுவுக்கு முதலில் விளங்கவில்லை. தலையை வெளியே எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே விட்டு, மரத்தைப் பிடித்து ஏழு முழத் தண்ணீரையும் தாண்டி ஏறி, அந்தப் பக்கம் வெயிலில் போய் மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஊரே தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும் தென்னந்தலைகளும் ஒரு கோயில் சிலுவையும் ஒரு மினாராவின் உச்சியும்தான். அவர் காலுக்குக் கீழே தண்ணீர் பிளந்து ஆவுளியாவின் முகம் வந்தது, முகத்தின்மேல் அந்தக் குட்டித் திருக்கை உட்கார்ந்திருந்தது. ஆவுளியா புஸ் என்று மூச்சு விட்டது. விட்டுவிட்டுக் குட்டியைப் பார்த்தது. தான் விட்டதுபோல அதுவும் விட வேண்டும் என்று காத்திருந்தது. தன் கன்றுக்கு முதல் மூச்சு வாங்கிக் கொடுக்க ஆவுளியா அதைத்தான் செய்யும்.

“அதுக்கு மூச்சு வேண்டாம்” என்றார் சந்தியாகு. அங்கே கேட்க யாரும் இல்லாததால் அவருக்குக் கூச்சமாக இல்லை. “அது மீனு. அதுக்குத் தண்ணியிலயே இருக்கு.”

ஆவுளியாவுக்கு அது தெரியவில்லை. குட்டியைக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டுவிட்டு, இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு மூன்றாவதை. பிறகு நாலாவதை. ஒவ்வொன்றுக்கும் அதே பொறுமை, ஒவ்வொன்றுக்கும் அதே புஸ். கீழே திருக்கை, தன் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை என்று தெரிந்தும், ஒவ்வொன்றாகத் தூக்க விட்டுக்கொண்டு நின்றது. சந்தியாகு நாலையும் எண்ணினார். ஈட்டி கையில் இருந்தது. ஈன்று முடித்த திருக்கை களைத்துப்போய் அவருக்கு நேர் கீழே வந்து நின்றது, அப்படி ஒரு குறி வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். அவர் ஐம்பது வரைக்கும் எண்ணினார், நூறு வரைக்கும் எண்ணினார், பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு ஈட்டியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முற்றத்தில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். இருதயமேரி அவர் கையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், ஈட்டியின் முனை சுத்தமாக இருப்பதைப் பார்த்தாள்.

“ஈனிருச்சு” என்றார் சந்தியாகு. “நாலு.”

“சரி.”

“குத்த முடியல இருதயம்.”

அவள் பிள்ளையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடுமுற்றத்தில் நின்றார். ராமநாதபுரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தார். கூட்டம் மெதுவாகக் கலையத் தொடங்கியது.

அப்போதுதான் மேலே இருந்த வெள்ளைக் கலங்கல் ஏழு முழத் தண்ணீரையும் கடந்து அடிப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. முதலில் தென்னை மரத்தை ஒட்டிச் சொட்டியது. பிறகு முற்றத்தில். பிறகு தெரு முழுக்க, அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில், இளஞ்சூடாக, உப்பே இல்லாமல், தூறலைவிட மெதுவாக, மழைக்காலத்தில் பழைய ஓட்டு வீடு ஒழுகுவதைப்போல ஒழுகியது. ரகுமத் பீவி தலையில் விழுந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “அக்கா, நீங்க சொன்னதுதான்” என்றாள். பெண்கள் வீட்டுக்கு ஓடிக் குடம் கொண்டு வந்து வைத்தார்கள், குண்டான் வைத்தார்கள், ஒருத்தி குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தாள். கட்டிலுக்கு மேலே கீற்று விலகியிருந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது, இருதயமேரியின் கழுத்தில். அடுத்தது அவள் தோளில். அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். மூன்றாவது சொட்டு விழுந்து சற்று நேரத்தில், “இங்க வாங்க” என்றாள்.

சந்தியாகு போனார். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. மேலேயிருந்து விழுந்ததில் அது அவ்வளவு நனைந்திருக்க முடியாது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்பி உப்பி உள்ளே போக, இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

“எண்ணுங்க” என்றாள் இருதயமேரி.

அவர் முழுங்கு சத்தத்தை எண்ணினார். நூற்றுப் பதினொன்றில் பிள்ளை நிறுத்தி, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மறுபக்கத்துக்கு வாயைத் திறந்தது.

“கூரை மாத்தணும்னு போன மழைக்கே சொன்னேன்” என்றாள் அவள். “மாத்தாம இருந்ததும் நல்லதுக்குத்தான்.” ஆறு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஏழாம் நாள் நர்ஸ் தனபாக்கியம் வந்து தராசைப் பிடித்துப் பார்த்து, இறக்கி, பிள்ளையின் துணியையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தார். இரண்டு கிலோ முந்நூற்றுப் பத்து. நோட்டில் எழுதிக்கொண்டார். ராமநாதபுரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் கடல்புல்லில் பாதி தீர்ந்துபோயிருப்பதைச் சந்தியாகு பார்த்தார். ஆவுளியா ஒரே இடத்தில் சுற்றி வந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள், பேச்சு நீளவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் கரைவலையின் இரண்டு கயிற்றையும் தென்னந்தலைகளுக்கு மேலாகப் போட்டு, வடக்கே பதினோரு பேரும் தெற்கே பன்னிரண்டு பேருமாகக் கடலைப் பார்த்து நின்று இழுத்தார்கள். தண்ணீர் வர மனமில்லாததுபோல முதலில் இழுபட்டு, பிறகு ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு, ஊரைத் தாண்டி, ஐஸ் பெட்டியைத் தாண்டி, சின்னச் சத்தத்தோடு கடலில் இறங்கியது. ஆவுளியா முன்னால் போனது. திருக்கை அதன் நிழலில் போனது. பின்னால் நாலு குட்டிகள், மூச்சு வாங்கத் தேவையில்லாத நாலும், ஆவுளியா மேலே வரும்போதெல்லாம் தாங்களும் மேலே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போயின. அப்படித்தான் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. வெயில் விழுந்த ஊரில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஒரு சங்கதி மட்டும் ஊருக்குள் இருந்தது. அந்த வெள்ளைத் தூறல் ஆள் பார்த்து விழவில்லை. பிள்ளை பெற்றவள், பெறாதவள் என்று அது கேட்கவில்லை. குடம் ஏந்தி நின்றவர்களில் சிலருக்கும் பால் ஊறியிருந்தது. முதலில் ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை. அருளப்பனின் மனைவி தெரசம்மாதான், ஐம்பத்தாறு வயதில், அவள் மகன் துபாயில் மீசையோடு இருக்கும்போது, நேராக இருதயமேரியின் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்து, “ஏய் புள்ள, எனக்கும்டி” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். கடைசியாக வந்தது அங்கன்வாடி டீச்சர் பூமயில், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வாசலில் நின்றிருந்த கஸ்பார் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“மேல இருந்து ஒழுகுனதுக்கு டீச்சரக் கேட்டா எப்படிய்யா?” என்றாள் தெரசம்மா. “ஒம் மேல விழுந்துச்சே, ஒனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கவலைப்படு.”

கஸ்பார் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பெண்கள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பூமயிலும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ரகுமத்தின் இரட்டையில் ஒன்றை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

“சந்தியாகு” என்று தெரசம்மா கூப்பிட்டாள். “பங்கு பிரிக்கிறது ஒன் வேலைதானே. வந்து பிரிச்சு விடு. சண்டை வரக்கூடாது.”

சந்தியாகு காது வரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால்களை எண்ணி இரண்டால் வகுத்துக்கொண்டார். ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகள் ஆறு. பால் இருந்த பெண்கள் பதினொன்று. எந்தப் பிள்ளையும் காத்திருக்கக்கூடாது, எந்தப் பெண்ணும் விட்டுப்போகக்கூடாது என்று காலைக்கு, மத்தியானத்துக்கு, சாயங்காலத்துக்கு எனத் தனித்தனியாக முறை வைத்தார். முதல் முறைக்காரர்களிடம் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையைக் கடைசியாக இருதயமேரியின் கையில் கொடுத்தார். ஆறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குடிக்கத் தொடங்கியதும் முற்றம் அமைதியானது. சுவரோரம் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு, கால் நீட்டி, வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை அவர் இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்தார். மிச்சம் ஐந்து பேர்.